நாலாவதுல ரிட்டர்ன் எச்சு

1

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகி, திதிக்கு நான் ஊருக்கு வந்தபோது என் கைப்பையில் நான்கு இன்ஜெக்டர்கள் இருந்தன. டீசல் காரின் என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இரும்புச் சாமான்கள் அவை. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், விரல் தடிமன், தலை மட்டும் கொஞ்சம் பெருத்திருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பில் மூன்று முறை கழுவி, காயவைத்து, பழைய துண்டில் சுற்றி எடுத்து வந்தேன். அப்பன் திதிக்கு வருகிற மகள் கொண்டுவரும் பொருளா இது என்று கேட்காதீர்கள். எல்லாரும் கேட்டு முடித்துவிட்டார்கள்.

முதலில் கேட்டவர் இங்கிலாந்து விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் அதிகாரி. துண்டைப் பிரித்து, ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து, இது என்ன என்றார். இன்ஜெக்டர் என்று சொல்ல வேண்டியவள் 'இன்ஜெக்‌ஷன்' என்று சொல்லிவிட்டேன். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்த வாய். அதற்குப் பழகிய சொல் அதுதான்.

"யாருக்கு?"

"என் காருக்கு."

"உங்கள் காருக்கு உடம்பு சரியில்லையா?" என்றார், சிரிக்காமல். அந்த ஊர்க்காரர்கள் சிரிக்காமலே கிண்டல் செய்வார்கள். நான்கு வருடமாகியும் எது கிண்டல், எது விசாரணை என்று எனக்குத் தெரிவதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அழுகிற முகத்தோடு நின்றேன். விட்டுவிட்டார்.

கோயம்புத்தூரில் இறங்கியபோதும் பையைத் திறந்தார்கள். "ஏனுங்க, இதெல்லாம் அங்க கெடைக்காதுங்களா?" என்று கேட்டார் நம்ம ஊர் அதிகாரி.

"கெடைக்குமுங்க. ரிப்பேர் பண்றதுக்குத்தான் ஆள் இல்லீங்க. பழசைத் தூக்கிப்போட்டுட்டு புதுசு மாட்டுங்கறாங்க."

"அப்ப சரியான ஊருக்குத்தான் கொண்டாந்திருக்கீங்க" என்று அவரே பையை மூடிக் கொடுத்தார்.

2

நான் இருப்பது வடக்கு இங்கிலாந்தில் ஒரு மலையோரச் சிற்றூர். மலை என்றதும் ஊட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். புல், செம்மறி ஆடு, மழை, அவ்வளவுதான். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிப்பது என் வேலை. எழுப்ப வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், மாத்திரை கொடுத்து, கஞ்சி காய்ச்சி வைத்து, ஏட்டில் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். காலை ஆறு பத்துக்குக் காரை எடுத்தால் மதியத்துக்குள் ஒன்பது வீடுகள். கார் இல்லாமல் இந்த வேலை இல்லை. இந்த வேலை இல்லாமல் விசா இல்லை, ஏனென்றால் என் விசா இந்த ஒரு கம்பெனியோடு சேர்த்துத் தைத்தது. என் கணவர் கதிரும் மகள் இனியாவும் என் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே இருக்கிறார்கள். ஆக மொத்தம், பதினைந்து வயதான ஒரு டர்போ டீசல் காரின் தலையில் எங்கள் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. ஐந்து வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் நிரந்தரமாகத் தங்கலாம் என்றார்கள். இப்போது அந்த ஐந்தையும் நீட்டப் போவதாகப் பேச்சு. புலிவாலைப் பிடித்த கதைதான்.

இந்த இடத்தில் மற்ற ஜில்லாக்காரர்களுக்காக எங்கள் பேச்சைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கொங்கு நாட்டில் 'சரிங்க' என்றால் சம்மதம் இல்லை. நீங்கள் பேசுவது காதில் விழுகிறது, மேலே பேசுங்கள் என்று பொருள். சம்மதம் என்றால் 'ஆகட்டுங்க'. முடியாது என்றால் 'பாக்கலாங்க'. நேருக்கு நேர் முடியாது என்று சொல்லும் வழக்கமே எங்களிடம் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்வீட்டார் 'பாக்கலாங்க' என்று சொன்னால், வந்தவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அவ்வளவு தெளிவான சொல் அது.

இதை நான் ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனதுதான் தப்பு. எங்கள் மேலாளர் பெயர் கேரன். கெட்டவள் இல்லை, ஆள் பற்றாக்குறையில் சாகிறவள். ஒருநாள் தொலைபேசியில் ஞாயிற்றுக்கிழமை வீடுகளின் பட்டியலை வாசித்தாள். நான் மரியாதையாக ஒவ்வொரு பெயருக்கும் 'ஓகே, ஓகே' என்று 'சரிங்க' போட்டுக்கொண்டே வந்தேன். கடைசியில், மலைக்கு மேலே இருக்கும் மூன்று வீடுகளையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்றாள். இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று, எனக்குத் தெரிந்த மறுப்புகளிலேயே கடுமையானதை எடுத்து வீசினேன். "பார்க்கலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மறுநாள் அத்தனை வீடுகளும் என் பெயரில் ஏறியிருந்தன. பக்கத்தில் ஒரு இதயப் படம் போட்டு நன்றி வேறு சொல்லியிருந்தாள்.

அந்த மலைப்பாதையில்தான் கார் கெட்டது. ஒற்றைத் தடம், செங்குத்தான ஏற்றம், இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு ஏற வேண்டும். ஆறு மாதத்தில் என்ஜின் குளிரில் எடுக்க மறுத்தது. எடுத்தாலும் வெள்ளைப் புகை கக்கியது. நின்ற இடத்தில் நடுங்கியது.

3

அப்பா போன வருடம் காரமடையில் எங்கள் வீட்டில் இறந்தார். அப்போது என் விசா நீட்டிப்பு மனு பரிசீலனையில் இருந்தது. மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியே போனால் மனுவை நானே திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள் என்பது விதி. எத்தனை முறை படித்தாலும் அந்த விதி அதையேதான் சொன்னது. அண்ணன் கைப்பேசியில் எல்லாவற்றையும் காட்டினார். இரண்டு வீட்டுக்கு நடுவே சாலையோரத்தில் காரை நிறுத்தி, சூடு வேண்டுமே என்று என்ஜினை ஓடவிட்டு, ஒரு கண்ணாடிச் சில்லுக்குள் அப்பாவைக் குளிப்பாட்டுவதைப் பார்த்தேன். பிறகு அடுத்த வீட்டுக்குப் போய் இன்னொரு கிழவரைக் குளிப்பாட்டினேன். இன்றைக்குத் தண்ணீர் நல்ல சூடு என்று அவர் நன்றி சொன்னார். அந்த நாளை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. யாரை மன்னிப்பது என்றுதான் தெரியவில்லை.

இந்த வருடம் திதிக்கு லீவு கேட்டேன். ஆள் இல்லை என்றாள் கேரன். அடுத்த வாரமே கார் அடியோடு நின்றுபோனது. கார் இல்லாமல் உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, இரண்டு வாரம் போய்வா, வரும்போது வண்டியோடு வா என்றாள். செத்த அப்பாவின் திதிக்குக் கிடைக்காத லீவு செத்த காருக்குக் கிடைத்தது.

காரின் நோயைக் கண்டுபிடித்தது கோயம்புத்தூரிலிருந்து என் அண்ணன் சிவகுமார். அங்கே கணபதி என்ற பகுதியில் இன்ஜெக்டரும் டீசல் பம்ப்பும் மட்டுமே பார்க்கும் கடை வைத்திருக்கிறார். கதிர் பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டையில் தறி மெஷின் ஃபிட்டராக இருந்தவர், இப்போது இங்கிலாந்தில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார். கையில் வேலை மறக்கவில்லை. அண்ணன் வீடியோ காலில் சொல்லச் சொல்ல, கதிர் வீட்டு வாசலில் என்ஜின் மூடியைத் திறந்துகொண்டு நின்றார்.

"மாப்ள, ஒரே அளவுல நாலு பாட்டில் வேணும். கெடைக்குங்களா?"

என் பையில் எப்போதும் காலி மருந்து பாட்டில்கள் கிடக்கும். நாலு எடுத்துக் கொடுத்தேன். இன்ஜெக்டருக்குப் போகும் டீசல் எல்லாம் என்ஜினுக்குள் போய்விடாது; கொஞ்சம் மெல்லிய குழாய் வழியாக டேங்குக்கே திரும்பிவிடும். அதற்கு ரிட்டர்ன் என்று பெயர். நாலு ரிட்டர்ன் குழாய்களையும் நாலு பாட்டிலில் விட்டு, சாவியைத் திருகி என்ஜினைச் சுழற்றினோம். மூன்றில் அடி நனைந்தது. நாலாவது கழுத்துவரை நிரம்பியது.

"நாலாவதுல ரிட்டர்ன் எச்சு" என்றார் அண்ணன். எச்சு என்றால் எங்கள் பக்கம் அதிகம். "அத்தனையும் திரும்பி ஓடுனா என்ஜினுக்குள்ள ப்ரஷர் எங்கிருந்து ஏறும்? நாலையும் கழட்டி அம்மணிகிட்டக் குடுத்தனுப்புங்க."

4

திதியன்று காரமடை வீட்டில் சொந்தம் கூடியது. வாசலில் கால் வைத்த நிமிடத்திலிருந்து ஒரே கேள்விதான். "வா கண்ணு, எப்ப வந்தே? ரிட்டர்ன் எப்போ?" சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால் ரிட்டர்ன் எப்போ என்று கேட்கிறார்கள். அயல்நாட்டில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், எல்லாருக்கும் இதே கதிதான். கோபித்துக்கொள்ளவும் முடியாது. அன்பாகத்தான் கேட்கிறார்கள்.

"அப்பன் போனப்ப வல்ல, காரு போனப்ப வந்திருக்கறா" என்று சித்தி யாரிடமோ சொன்னது என் காதிலும் விழுந்தது. விழ வேண்டும் என்றே சொன்னதுதான். நான் "சரிங் சித்தி" என்றேன்.

திதி முடிந்த மூன்றாம் நாள் அண்ணன் கடைக்குப் போனேன். ரோட்டைப் பார்த்த தகரக் கூரைக் கடை. நடுவில் சோதனை மெஷின், அதில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள். ஒரு இன்ஜெக்டரை மாட்டி அண்ணன் மெஷினை ஓடவிட்டால் காது அடைக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பீய்ச்சுகிற புகைபோன்ற டீசலை உற்றுப் பார்ப்பார். அண்ணனிடம் நான் ஒரு வருடமாகச் சரியாகப் பேசவில்லை. அவரும்தான். ஆனால் மெஷின் ஓடும் இடத்தில் பேசாமல் இருப்பது சுலபம்.

நாலுக்கும் முனையிலிருக்கும் நாசிலை மாற்றினார். நாலாவதுக்கு உள்ளே வால்வும் தேய்ந்திருந்தது, அதையும் மாற்றினார். மாட்டிப் பார்த்து, கழற்றி, தாள்போல மெல்லிய ஒரு வளையத்தை மாற்றி வைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். இரண்டு நாள் நானும் மர ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாருக்கும் நான் தேவைப்படவில்லை. அந்த இரண்டு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதைப் பிற்பாடுதான் கண்டுபிடித்தேன்.

"ரிட்டர்னே இல்லாம பண்ணிருங்ணா" என்றேன், சும்மா பேச்சுக்கு.

"அதும் ஆவாது. திரும்பி வாரது துளியாச்சும் இருக்கோணும். இல்லாட்டி சூடேறி இறுகிப்போயிரும்."

5

கடைக்குப் போன இரண்டாம் நாள் மத்தியானம் மெஷின் நின்றது. நாலும் ஒரு வெள்ளைத் துணிமேல் வரிசையாகக் கிடந்தன. கடையில் வேலை முடிந்த எதையும் சந்தனம் குங்குமம் வைக்காமல் அண்ணன் வெளியே அனுப்ப மாட்டார். நாலின் தலையிலும் பொட்டு வைத்தார். கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"நாலும் நல்லாயிருச்சு அம்மணி" என்றார். பிறகு, "நல்லாவலைன்னு சொல்லிப்போடட்டுமா?"

"என்னங்ணா சொல்றீங்க?"

"நாலாவது செத்துப்போச்சு, சாமான் வரோணும், ரெண்டு மாசமாவும்னு மாப்ளகிட்ட நாஞ் சொல்லிக்கறேன். நீ இங்கயே இருந்துக்க. லீவு முடிஞ்சும் நீ போவாட்டி அந்தக் கம்பெனிக்காரி உன்ற சீட்டக் கிழிச்சுப்போடுவா. விசா போச்சுன்னா மாப்ளயும் புள்ளையும் தன்னால வந்து சேருவாங்க. மாப்ள கைக்குப் பெருந்துறைல வேல இல்லாமயா போயிரும்?"

துணிமேல் கிடந்த நாலாவதை நான் கையில் எடுத்தேன்.

"அப்பா போனப்ப நீ வல்லைன்னு உம்மேல எனக்குக் கோவம்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த ரெண்டு நாளு நீ அந்த ஸ்டூல்ல உக்காந்திருந்ததப் பாத்தேன். நீ அங்க நல்லால்ல கண்ணு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்கு வருடத்தில் ஒருவர்கூட என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. நான் சொல்ல விட்டதும் இல்லை. ஊர்மேல் எனக்குப் பெரிய மயக்கம் கிடையாது. பாதி இரைச்சல், பாதி வம்பு, மீதி சித்தி. ஆனாலும் இருந்துவிட வேண்டும் என்று உடம்பு முழுக்க ஆசையாக இருந்தது. ஒரு பொய் போதும். அதையும் நான் சொல்ல வேண்டியதில்லை, அண்ணனே சொல்லிவிடுவார்.

அன்று காலை இனியா ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். பத்து வயதில் அழுதுகொண்டே விமானம் ஏறியவளுக்கு இப்போது பதினான்கு. அந்த ஊர்ப் பிள்ளைகளின் இழுவையோடு ஆங்கிலம் பேசுகிறாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். பொதுத்தேர்வுக்கான பாடங்களை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். இங்கே கொண்டுவந்தால் தமிழில் ஒரு பக்கம் படிப்பதையே மறந்துபோனவள் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் உட்காருவாள்? பதிவில் அவள் கேட்டிருந்தது ஒன்றுதான். அம்மா, கார் சரியாகிவிடும்தானே? அவள் கேட்டது காரைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். எந்தக் காலை எடுப்பது?

"பாக்கலாங்ணா" என்றேன்.

அண்ணன் எங்கள் ஊர்க்காரர். இரண்டாம் தடவை கேட்கவில்லை. எழுந்து போய் அட்டைப்பெட்டி எடுத்துவந்து, நாலையும் ஒவ்வொன்றாகப் பஞ்சில் பொதிந்து அடுக்கினார்.

6

நான் இங்கிலாந்து திரும்பியதும், கதிர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் உட்கார்ந்து நாலையும் மாட்டினார். பழைய செம்பு வாஷரைத் திரும்பப் போடக் கூடாது, அடித்துளையில் கரி துளிகூட இருக்கக் கூடாது என்று அண்ணன் எழுதிக் கொடுத்திருந்தார். மாட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனியாக ஒரு குறி உண்டு, எழுத்தும் எண்ணும் கலந்தது. பீய்ச்சும் அளவு ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசப்படும். எந்த இடத்தில் எது இருக்கிறது என்று ஒரு ஸ்கேனரை மாட்டி அந்தக் குறியைக் காரின் கம்ப்யூட்டருக்குச் சொன்னால்தான் அது அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்ளும். இதற்குக் கோடிங் என்று பெயர். அண்ணன் புதுக் குறிகளை இன்ஜெக்டர்களின் தலையிலேயே ஊசியால் பொறித்திருந்தார்.

மூன்று குறிகளைக் கார் வாங்கிக்கொண்டது. நாலாவதை மட்டும் தப்பு, தப்பு என்று திருப்பி அனுப்பியது. ஏழு தடவை அடித்துப் பார்த்தோம். கதிர் ஸ்பேனரைக் கீழே போட்டார். எனக்குள் ஒரு ஓரத்தில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிம்மதி பரவியது. அண்ணனுக்கு வீடியோ காலில் அடித்தோம்.

இனியா அரைத் தூக்கத்தில் வெளியே வந்தாள். குனிந்து பார்த்தாள். உள்ளே போய்ப் பழைய பல்துலக்கும் பிரஷ் எடுத்து வந்து, இன்ஜெக்டரின் தலையைத் தேய்த்தாள். சந்தனமும் குங்குமமும் உதிர்ந்தன. நாங்கள் எட்டு என்று படித்துக்கொண்டிருந்தது ஆங்கில B எழுத்து. பொட்டு அதன் முதுகை மூடி எட்டாக்கியிருந்தது. உலகத்தில் வேறு எந்த மெக்கானிக்குக்கும் வராத கோளாறு இது.

கைப்பேசியில் அண்ணன் சிரித்து முடிக்க ஒரு நிமிடம் ஆனது. "மாமனவிட நீ கெட்டிக்காரி சாமி! அடுத்த லீவுக்கு மாமன் கடைக்கு வாரயா?"

"சரிங் மாமா" என்றாள் இனியா. அவள் தமிழில் பேசிவிட்டாள் என்று கதிருக்கு வாயெல்லாம் பல். அண்ணனின் சிரிப்பு மட்டும் கொஞ்சம் குறைந்ததைப் பார்த்தேன்.

கார் எடுத்தது. புகை இல்லை, நடுக்கம் இல்லை. என்ஜின்மேல் கதிர் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார். தண்ணீர் அலுங்கவில்லை.

7

மறுநாள் திங்கட்கிழமை. கேரன் மலைமேல் நாலாவது வீடு ஒன்றையும் சேர்த்திருந்தாள். இரண்டாம் வீட்டுக்கும் மூன்றாம் வீட்டுக்கும் நடுவே இனியாவைப் பள்ளியில் விடுவது என் வழக்கம். காருக்குள் அவ்வளவு அமைதி. முன்பெல்லாம் என்ஜின் சத்தத்தில் நாங்கள் பேசாமல் வந்தது தெரியாது. இப்போது தெரிந்தது.

பள்ளி வாசலில் நிறுத்தி என்ஜினை அணைத்தேன். அண்ணன் கடையில் நான் வாய்விட்டுச் சொல்லாததை எல்லாம் ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்.

"இனியா, உனக்குப் பரீட்சை முடிஞ்சதும் நாம ஊருக்கே போயிரலாமா? மாமா ஊருக்கு. ஒரேயடியா."

அவள் காதிலிருந்த ஒயரை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். பாவம், என் மனம் நோகாமல் சொல்ல வேண்டுமே என்று அவள் சொல் தேடுவது முகத்தில் தெரிந்தது. ஆங்கிலத்தில் அவளுக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"பாக்கலாங் மா" என்றாள்.

அச்சு அசல் கொங்கு. என் அப்பா சொல்வதைப்போல, என் அண்ணனிடம் நான் சொன்னதைப்போல, ஒரு சுருதி பிசகாமல் சொன்னாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு இறங்கி, மழையில் ஓடி, தோழிகளுக்குள் கலந்துவிட்டாள்.

அடுத்த வீட்டுக்கு எட்டு நிமிடம் இருந்தது. சாவியைத் திருகினேன். முதல் திருகலிலேயே எடுத்துக்கொண்டது கார்.